பரணில் எவ்வளவு புல், மலையில் எத்தனை மாடு: டோர்பெல் கிராமம்

டோர்பெல்லில் ஒரு குடும்பம் எத்தனை மாடு வைத்துக்கொள்ளலாம் என்று தெரிய வேண்டுமானால் தொழுவத்தை எட்டிப் பார்த்துப் பயனில்லை. தொழுவத்துக்கு மேலே இருக்கும் புல் பரணைத்தான் பார்க்க வேண்டும். கோடையில் அறுத்து, உலர்த்தி, அங்கே அடைத்து வைத்த புல் எத்தனை மாட்டுக்கு அடுத்த வசந்தம் வரை காணுமோ, அத்தனை மாடுதான் கணக்கு. அதற்கு மேல் ஒன்றுகூட ஊர்ப் பொது மேய்ச்சலுக்கு ஏறக் கூடாது. 1517ல் எழுதி வைத்த விதி இது. அமெரிக்காவிலிருந்து ஒரு மானிடவியலாளர் 1970களில் அங்கே போய்த் தங்கியபோதும் அது அமலில் இருந்தது.

ஊர் மிகச் சின்னது. சுவிட்சர்லாந்தின் தெற்கில், வாலிஸ் மாநிலத்தில், ஃபிஸ்ப் பள்ளத்தாக்கின் சரிவில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள்தொகை ஐந்நூறை ஒட்டி. உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஜெர்மன் வழக்கில் ‘டெர்பில்’ என்பார்கள். மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்க ஸெர்மாட்டுக்குப் போகிறவர்களின் ரயில் இதே பள்ளத்தாக்கின் அடியில்தான் ஓடுகிறது. பெட்டியில் இருக்கும் யாரும் தலையைத் தூக்கி டோர்பெல்லைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் வெயிலில் கறுத்த லார்ச் மர வீடுகளும் ஒரு தேவாலயக் கோபுரமும்தான் தெரியும்.

ஆனால் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் பழக்கமானது. 1968ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக இன்னொரு மாட்டை ஓட்டி விடுவார், கடைசியில் நிலம் மொட்டையாகி எல்லோரும் அழிவார்கள் என்பது அதன் சாரம். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் அவர் அறிவியல் இதழில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். தீர்வாக அவர் கண்டவை இரண்டு: நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடு, அல்லது அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும். எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இதற்கு மறுப்பு எழுதியபோது கையில் எடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று டோர்பெல். அதற்கான தரவு பெரும்பாலும் ராபர்ட் நெட்டிங் சேகரித்தது. முதலில் சொன்ன அந்த மானிடவியலாளர் இவர்தான், நைஜீரியாவின் மலை விவசாயிகளை ஆராய்ந்துவிட்டு ஆல்ப்ஸுக்கு வந்தவர். 2009ல் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்தப் பெருமையில் இந்த ஊரின் மாட்டுச் சாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டரை டன் புல்

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளலாம். ‘ஆல்ப்’ என்றால் நாம் மலை என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே உள்ளவர்களுக்கு அது மர வளர்ச்சி நிற்கும் எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும் கிடக்கும் கோடை மேய்ச்சல் நிலம். டோர்பெல்காரர்கள் ‘ஆல்புக்குப் போகிறேன்’ என்றால் சுற்றுலா போகவில்லை, மாட்டுக்குப் பின்னால் போகிறார்கள்.

பனி விலகி, ஜூன் பாதியில் மாடுகள் மேலே ஏறும். சுமார் நூறு நாள் அங்கே இருக்கும். செப்டம்பரில் இறங்கும். ஆல்புக்கு ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ஊரைச் சுற்றிய புல்வெளிகளில் கொஞ்ச நாள் மேயும். மீதி ஆறேழு மாதம் தொழுவம்தான். நடுத்தர மாடு ஒன்று நாளுக்குப் பன்னிரண்டு கிலோ உலர்புல் தின்கிறது என்று வையுங்கள். இருநூறு நாளுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை டன். மூன்று மாடு என்றால் ஏழு டன்னுக்கு மேல். அத்தனையையும் ஜூலையிலும் ஆகஸ்டிலும், ஆள் நின்றால் சறுக்கும் சரிவில், கையரிவாளை விட நீளமான பிடி கொண்ட அரிவாளால் வீசி அறுத்து, காயப்போட்டு, மழை வருவதற்குள் கட்டி, முதுகில் சுமந்து பரணில் சேர்க்க வேண்டும். அங்கே குடும்பங்கள் இரண்டு மூன்று மாட்டோடு நின்றதற்குச் சோம்பல் காரணமில்லை. முதுகு அதற்கு மேல் தாங்காது.

புல்லைச் சுமப்பதைக் குறைக்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். புல்வெளிகள் சிதறிக் கிடக்கும். ஒரே குடும்பத்துக்குக் கீழே ஒரு துண்டு, நடுவில் இரண்டு, மேலே இன்னொன்று. ஒவ்வொரு பகுதியிலும் சின்னச் சின்னப் புல் கொட்டகைகள், அடியில் தொழுவம். புல்லை மாட்டிடம் கொண்டுவருவதற்குப் பதிலாகக் குளிர்காலத்தில் மாட்டைப் புல் இருக்கும் கொட்டகைக்கு ஓட்டிப் போவார்கள். அங்கே தீர்ந்தால் அடுத்த கொட்டகை. சாணமும் அந்தந்தப் புல்வெளிக்குப் பக்கத்திலேயே சேர்ந்துவிடும். விடியற்காலையிலும் மாலையிலும் பனியில் நடந்து பால் கறக்கப் போவது மனிதர் பாடு.

இந்தப் புல்வெளிகள் எல்லாம் தனிச் சொத்து. இதைக் கவனிக்க வேண்டும். டோர்பெல்லைப் பொதுவுடைமைச் சொர்க்கம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. புல்வெளி, கோதுமைக்கு உறவான ரை தானியம் விளையும் வயல், காய்கறித் தோட்டம், பள்ளத்தாக்கின் கீழ்ச் சரிவில் இருக்கும் திராட்சைத் தோட்டம் எல்லாம் அவரவருடையது. வாங்கலாம், விற்கலாம், பாகம் பிரிக்கலாம். பாகப் பிரிவினை கடுமையானது: மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சொத்தைச் சமமான கூறுகளாக்கிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதனால் மாடி வீட்டின் ஒரு தளம் ஒருவருக்கு, மேல் தளம் இன்னொருவருக்கு. தானியக் களஞ்சியத்தில் மூன்றில் ஒரு பாகம், கொட்டகையில் கால் பாகம் என்று போகும். களஞ்சியங்கள் காளான் வடிவக் கால்கள் மேல் நிற்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான வட்டக் கல். எலி ஏறி வந்தால் அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிப் போகும். உள்ளே நான்கு பங்காளிகளின் தானியம் நான்கு பூட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

பொதுவில் இருந்தவை ஐந்து: ஆல்ப் மேய்ச்சல், காடு, தரிசு, பாசன வாய்க்கால், இவற்றை இணைக்கும் பாதைகள்.

ஏன் இதை மட்டும் பொதுவில் விட்டார்கள்? நெட்டிங் சொல்லும் காரணத்தில் இலட்சியம் எதுவும் இல்லை, வெறும் கணக்குதான். ஆல்ப் நிலத்தில் ஏக்கருக்குக் கிடைக்கும் பலன் குறைவு. எந்த மூலையில் எந்த வருடம் புல் நன்றாக வரும் என்று உறுதி இல்லை. ஒரு பக்கம் பனி ஜூலை வரை கிடக்கும், இன்னொரு பக்கம் காய்ந்துவிடும். எருப்போட்டு உழைத்தாலும் பெரிதாக உயர்த்த முடியாது. மாடு மேய விரிந்த பரப்பு வேண்டும். பாதை போடுவது, பனிச்சரிவு நொறுக்கிய பட்டியைத் திரும்பக் கட்டுவது தனி ஆளால் ஆகாது. இப்படிப்பட்ட நிலத்தைத் துண்டு போட்டு வேலி கட்டினால், வேலிக்கு ஆகும் செலவு புல்லின் மதிப்பை மிஞ்சிவிடும். சரி, பொதுவிலேயே கிடக்கட்டும் என்று விட்டார்கள். காவல் மட்டும் பலமாகப் போட்டார்கள்.

எண்ணும் நாள்

1483 பிப்ரவரி 1ஆம் தேதி டோர்பெல் குடிகள் கூடி ஆல்ப், காடு, தரிசு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த முறைப்படி ஒரு சங்கம் அமைத்துக் கையொப்பம் இட்டார்கள். கடுங்குளிர் மாதம்; ஊரில் எல்லோரும் இருந்திருப்பார்கள், பரண் பாதி காலியாகியிருக்கும். அந்த ஆவணத்தின் முக்கியமான வரி மாட்டைப் பற்றியது அல்ல, அந்நியரைப் பற்றியது. வெளியூர்க்காரர் யாராவது டோர்பெல்லில் நிலம் வாங்கினால் அந்த நிலம் அவருக்குச் சொந்தம். ஆனால் அதன் மூலம் ஆல்பில் மேய்க்கவோ காட்டில் மரம் வெட்டவோ உரிமை வராது. அந்த உரிமை குடியுரிமையோடு ஒட்டியது. யாரைக் குடியாகச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே இருக்கும் குடிகள் முடிவு செய்வார்கள். 1507ல் பொது நிலத்தின் எல்லைகளை வரைந்து வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1517ல், அந்த மாட்டு விதி: குளிர்காலத்தில் தன்னால் தீனி போட முடிந்ததற்கு மேல் யாரும் ஆல்புக்கு மாடு அனுப்பக் கூடாது.

ஆல்பில் எத்தனை மாடு மேயலாம் என்று நேரடியாகக் கணக்கிடுவது கஷ்டம். புல் வருடத்துக்கு வருடம் மாறும், அளக்க ஆள் வேண்டும், அளந்தவர் மேல் சந்தேகம் வரும். அந்தத் தலைவலியை இந்த விதி அப்படியே தவிர்த்துவிட்டது. பொது நிலத்தின் அளவை விட்டுவிட்டுத் தனி நிலத்தின் அளவைப் பார்த்தது. என் புல்வெளி எவ்வளவு, என் பரண் எவ்வளவு உயரம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னை விட நன்றாகத் தெரியும்! ஜூனில் சந்தையில் பத்து மாடு வாங்கி, ஆல்பில் இலவசமாகக் கொழுக்க வைத்து, செப்டம்பரில் விற்றுவிடும் வியாபாரிக்கு இங்கே வழியே இல்லை. இதே போன்ற குளிர்கால விதி ஆல்ப்ஸின் பல பகுதிகளில் இருந்தது.

விதி எழுதுவது சுலபம். நடத்துவது எப்படி? டோர்பெல்லின் சாமர்த்தியம் இங்கேதான் என்று நினைக்கிறேன். எல்லா மாடுகளும் பருவத் தொடக்கத்தில் ஒன்றாக ஆல்புக்கு ஏறும். ஏறியதும் எண்ணுவார்கள். அப்புறம் ஒன்றிரண்டாகத் திருட்டுத்தனமாகச் சேர்க்க இடமில்லை. அந்த எண்ணிக்கைதான் பருவ முடிவில் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு சீஸ் என்பதையும் தீர்மானிக்கும். ஆக எண்ணும் நாளில் ஒவ்வொரு குடும்பமும் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு நிற்கும். தன் மாடு விட்டுப் போனால் சீஸ் போச்சு. அடுத்தவன் ஒரு மாட்டைக் கூட்டிச் சொன்னாலும் தன் சீஸில்தான் கை வைக்கிறான். தனியாக ஒரு காவலாளிக்குச் சம்பளம் கொடுக்காமலே ஊர் முழுக்கக் காவல்.

இது போதாதென்று ஓர் அதிகாரியும் உண்டு. கெவால்ட்ஹாபர் என்று பெயர்; ‘அதிகாரம் பெற்றவர்’ என்று பொருள். அளவுக்கு மேல் மாடு அனுப்பியவருக்கு அபராதம் போடலாம். அபராதத்தில் பாதியை அவரே வைத்துக்கொள்ளலாம். இன்று ஒரு போக்குவரத்துக் காவலருக்கு இப்படி ஒரு சலுகை கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். டோர்பெல்லில் அவர் வருடந்தோறும் கூடும் அதே மாட்டுக்காரர்களின் கூட்டத்தில் தேர்வாகி வந்தவர், பதவி முடிந்ததும் அவர்களில் ஒருவராகத் திரும்பிப் போகிறவர். அது ஒரு கடிவாளம்.

அந்தக் கூட்டம்தான் மேய்ப்பர்களை வேலைக்கு எடுக்கும், ஆல்பில் சேர்ந்த சாணத்தை எங்கே பரப்புவது என்று சொல்லும், பாதை வேலைக்கு யார் எத்தனை நாள் வர வேண்டும் என்று குறிக்கும். எத்தனை மாடு அனுப்பினாயோ அதற்கேற்ற வேலை. காட்டிலும் இதே பாணி. வெட்ட வேண்டிய மரங்களை ஊர் அதிகாரிகள் குறியிடுவார்கள். வீடுகள் குழுக்களாகச் சேர்ந்து வெட்டி, இழுத்து வந்து, ஏறத்தாழச் சமமான அடுக்குகளாகப் போடும். எந்த வீட்டுக்கு எந்த அடுக்கு என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சீட்டில் வந்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

தண்ணீர்

பனிமலைக்குக் கீழே இருக்கும் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சமா என்று தோன்றும். சுற்றியிருக்கும் உயர்ந்த மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால், ஃபிஸ்ப் பள்ளத்தாக்கின் இந்தப் பகுதி சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. அடிவாரத்தில் வருட மழை 550 மில்லிமீட்டர் அளவில்தான். நீர் பாய்ச்சாவிட்டால் புல் இரண்டாம் முறை அறுப்புக்கு வராது. அதனால் மேலே உள்ள ஓடைகளிலிருந்து மலைச் சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். சுவோனெ என்பார்கள். வாலிஸ் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள் உண்டு. செங்குத்துப் பாறை குறுக்கிட்ட இடத்தில் மரத் தொட்டிகளைப் பாறையில் தொங்கவிட்டு நீரைக் கடத்தினார்கள்.

டோர்பெல்லில் தண்ணீர் முறை வைத்துப் பாயும். இந்த நாளில், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை, இந்தப் புல்வெளிக்கு. புல்வெளி பாகமானால் தண்ணீர் நேரமும் பாகமாகும். பல தலைமுறைப் பிரிவினைக்குப் பிறகு அந்த அட்டவணை எவ்வளவு சிக்கலாகியிருக்கும்! நெட்டிங் அதைப் பதிவு செய்யப் போனபோது ஒன்று புரிந்தது: முழு அட்டவணையும் தெரிந்த ஆள் ஊரில் ஒருவரும் இல்லை. அவரவருக்குத் தன் முறை தெரியும், தனக்கு முன்னால் மதகைத் திறந்து வைத்திருப்பவர் யார், பின்னால் வந்து தள்ளிவிடப் போகிறவர் யார் என்று தெரியும். அவ்வளவுதான். ஆனாலும் நீர் கடைசிப் புல்வெளி வரை போய்ச் சேர்ந்தது. வாய்க்கால் மராமத்துக்கு எல்லோரும் வந்தார்கள்.

பக்கத்துப் பகுதிகளில் இந்த உரிமைகளை மரக் குச்சிகளில் வெட்டுக்குறியாக வைத்திருந்தார்கள். டெசெல் என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்னம்: இரண்டு கோடு, ஒரு குறுக்கு, ஒரு முக்கோணம். அதன் பக்கத்தில் நீளமான வெட்டு முழு உரிமை, குட்டையானது பாதி. தண்ணீருக்கு ஒரு குச்சி, மாட்டுரிமைக்கு ஒரு குச்சி. எழுத்தறியாதவரும் விரலால் தடவி வாசிக்கலாம், நெருப்பில் விழாதவரை அழியாது. வாலிஸ் அருங்காட்சியகங்களில் இந்தக் குச்சிகள் கத்தை கத்தையாக இருக்கின்றன.

ஐந்து கிலோவுக்கு ஐம்பது லிட்டர்

ஆல்பிலிருந்து பாலைத் தினமும் ஊருக்குச் சுமக்க முடியாது, வைத்தாலும் கெட்டுவிடும். அதனால் மலையிலேயே சீஸ். மாலைக் கறவையும் காலைக் கறவையும் ஒரு செம்புக் கொப்பரையில் சேரும். பாலைக் காய்ச்சுவதில்லை, கை பொறுக்கும் சூடுதான், முப்பது முப்பத்திரண்டு டிகிரி. அதில் ரெனெட் விடுவார்கள், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். அரை மணி நேரத்தில் பால் கெட்டித் தயிராக நிற்கும். யாழ் போலக் கம்பி கட்டிய சட்டத்தை உள்ளே விட்டு, சோளமணி அளவு வரும் வரை அறுப்பார்கள். பிறகு மறுபடி கொஞ்சம் சூடேற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி மணிகளை எடுத்து அமுக்கிப் பார்ப்பார் சீஸ்காரர். ஒட்டிப் பிடித்து, விரலால் தேய்த்தால் மறுபடி உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. பதம் பார்ப்பது எங்கேயும் விரல்தான்.

வடித்த நீர் பன்றிகளுக்குப் போகும். மணிகள் அச்சில் ஏறி, அழுத்தம் பட்டு, உப்பு நீரில் குளித்து, நிலவறைக்குப் போகும். ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பால். வாலிஸின் பேர்போன ராக்லெட் சீஸ் வட்டு ஐந்து கிலோ அளவில் இருக்கும். ஆக, ஒரு வட்டுக்கு ஐம்பது லிட்டர். நிலவறையில் குறைந்தது மூன்று மாதம் வைத்துத் திருப்பித் திருப்பி உப்பு நீரால் துடைக்க வேண்டும். 2007ல் வாலிஸ் ராக்லெட்டுக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. பச்சைப் பாலில் செய்தது, வட்டின் விளிம்பில் அது பிறந்த ஆல்பின் அல்லது பால்பண்ணையின் பெயர் பதிந்திருக்கும். நெருப்பில் காட்டி உருகியதைச் சுரண்டி உருளைக்கிழங்கின் மேல் விடுவதுதான் ராக்லெட். இன்று அது விருந்துச் சாப்பாடு. அன்றைய குடும்பத்துக்குச் சீஸ் என்பது குளிர்காலப் புரதம், கடன் தீர்க்கும் நாணயம், கீழே சந்தையில் உப்பாக மாறும் பொருள்.

சீஸுக்குத் துணை ரை ரொட்டி. ஊர்ப் பொது அடுப்பை வருடத்தில் சில தடவை மட்டும் மூட்டுவார்கள், விறகு மிச்சம். முறை போட்டு ஒவ்வொரு குடும்பமும் மாதக்கணக்குக்குச் சுட்டு வைத்துக்கொள்ளும். பழைய ரொட்டியை வெட்டப் பலகையில் கீல் வைத்துப் பொருத்திய கத்தி வேண்டும், சாதாரணக் கத்தி ஏறாது. வாலிஸ் ரை ரொட்டிக்கு 2004லேயே அதே பிறப்பிடப் பாதுகாப்பு வந்துவிட்டது. கல்லாய்க் கிடந்த ரொட்டிக்கு அரசு முத்திரை விழும் என்று அதைக் கடித்துப் பல் உடைந்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கதவுக்கு வெளியே

ஆஸ்ட்ரோமை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐந்நூறு வருடம் ஆல்ப் மொட்டையாகாமல் இருந்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்?

தேவாலயப் பதிவேடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமுறைகளை அடுக்கிப் பார்த்தார் நெட்டிங். பெண்கள் இருபதுகளின் கடைசியில், ஆண்கள் முப்பதை ஒட்டியோ தாண்டியோதான் திருமணம் செய்தார்கள். பலர் செய்யவே இல்லை. பங்கு சிறிதாகிக் குடும்பம் நடத்த முடியாத அண்ணனும் அக்காவும் கல்யாணமாகாமல் அதே வீட்டில் உழைத்து முடிந்தார்கள். அவர்கள் பங்கு தம்பி பிள்ளைகளுக்குப் போனது. மிஞ்சியவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு வந்தது. அதே நிலத்தில் அதிக வயிறு நிறைந்தது, மக்கள் பெருகினார்கள். ஆனால் உருளைக்கிழங்கு மாட்டுக்கான புல்லைப் பெருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மேல் வாலிஸ் ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள் ஏராளம். அர்ஜென்டினாவின் சான்டா ஃபே மாநிலத்தில் சான் ஹெரோனிமோ நோர்த்தே என்ற ஊர் 1858ல் அப்படிப் போனவர்கள் அமைத்தது. அங்கேயும் மாடு வளர்த்தார்கள். பரணில் புல் இருக்கிறதா என்று கேட்க அந்தச் சமவெளியில் யாரும் இல்லை.

இன்னொன்று. ஊர் விதிகளுக்கு எல்லாக் குடிகளும் வாக்களித்தார்கள் என்று படிக்கும்போது அந்த ‘எல்லா’வில் பெண்கள் இல்லை. நிலம் அவர்களுக்குச் சம பங்கு. காலையில் பனியில் போய்க் கறப்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. கை தூக்கும் இடத்தில் மட்டும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன்டர்பேக் என்ற கிராமத்தில்தான் 1957 மார்ச்சில், சுவிட்சர்லாந்திலேயே முதல்முறையாக, ஒரு கூட்டாட்சி வாக்கெடுப்பில் பெண்கள் வாக்குச் சீட்டுப் போட்டார்கள். 33 பேர். தனிப் பெட்டியில் போட்ட அந்தச் சீட்டுகளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வர 1971 ஆனது.

மாடு போய் ஆடு வந்தது

20ஆம் நூற்றாண்டில் ஊரை மாற்றியது கீழே ஃபிஸ்ப் நகரில் வந்த லோன்ஸா ரசாயனத் தொழிற்சாலை. மாதச் சம்பளம். டோர்பெல் ஆண்கள் அதிகாலையில் இறங்கி ஷிப்ட் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஏறி வந்து புல் அறுத்தார்கள். தொழிலாளி விவசாயி என்று ஒரு வகையே உருவானது. 2021ல் மாடர்னா கோவிட் தடுப்பூசியின் மூலப்பொருளைத் தயாரித்ததும் அதே ஃபிஸ்ப் ஆலைதான்.

சம்பளம் வந்ததும் ரை வயல்கள் முதலில் போயின. ரொட்டியைக் கடையில் வாங்கலாம். அடுத்து மாடு. மாட்டுக்கு நாளில் இரண்டு தடவை கறவை, ஒருநாளும் தவற முடியாது, ஷிப்ட் நேரத்தோடு மோதும். ஆட்டுக்கு அந்தப் பிடுங்கல் இல்லை. மேல் வாலிஸ் முழுக்க மாட்டின் இடத்தில் முகமும் காலும் கறுத்த, சடை தொங்கும் கருமூக்குச் செம்மறிகள் பெருகின. கம்பளியில் காசில்லை, கறியில் கொஞ்சம். சனிக்கிழமை ஆட்டுக் கண்காட்சியில் கிடாவுக்குப் பரிசு கிடைத்தால் அந்த வருடம் முழுக்கப் பேச்சு. 1995ல் வாலிஸுக்கு ஓநாய் திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சின் தொனி மாறிவிட்டது.

ஊரில் இன்று முழுநேர விவசாயக் குடும்பங்கள் குறைவு. கோடையில் நடக்கிறவர்களும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குபவர்களும் ஊருக்கு மேலே இருக்கும் மோஸால்ப் பக்கம் வருகிறார்கள். பழைய மாவு ஆலையையும் ரொட்டி அடுப்பையும் விருந்தினருக்குத் திறந்து காட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சுவிஸ் ஆல்ப் பருவத்தைச் சேர்த்தது. பாரம்பரிய வாய்க்கால் பாசனத்தையும் அதே கூட்டத்தில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் அரிவாள் பிடிக்க ஆள் வந்துவிடுமா?

வருவது பணம். 1996ல் வாக்கெடுப்பில் ஏற்ற விதி, இன்று சுவிஸ் அரசியல் சட்டத்தின் 104ஆம் பிரிவு, விவசாயத்துக்கு உணவு உற்பத்தியோடு நிலத்தோற்றத்தைக் காப்பது, நாட்டில் பரவலான குடியிருப்பைத் தக்கவைப்பது என்ற வேலைகளையும் கொடுத்திருக்கிறது. அதற்கு நேரடி உதவித்தொகை உண்டு. ஆல்புக்குத் தனிக் கணக்கு: ஒரு பெரிய மாடு நூறு நாள் மேய்ந்தால் அது ஒரு அலகு, அதற்குச் சுமார் 400 ஃபிராங்க். பாலை விட இந்தப் பணத்தை நம்பித்தான் பல ஆல்ப்கள் ஓடுகின்றன. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பது என் கருத்து. மேயாத ஆல்பில் பத்து வருடத்தில் ஆல்டர் புதர் மண்டிவிடும், அப்புறம் அந்த இடத்தை மீட்க மாட்டுக்குப் பதில் இயந்திர ரம்பம் வேண்டும்.

இன்று ஏறும் ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் பொறித்த பட்டை தொங்குகிறது. எந்த மாடு எந்த நாளில் எந்த ஆல்புக்குப் போனது, எப்போது இறங்கியது என்பது கூட்டாட்சியின் கணினித் தரவுத்தளத்தில் பதிவாகிறது. உதவித்தொகை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு ஆல்புக்கும் இத்தனை அலகு என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக மேய்த்தால் பணம் வெட்டு, பதினைந்தைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. இதுவரை 1517ன் விதிதான். அதன் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: அளவிலிருந்து இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும் முழுத்தொகை கிடையாது, மேய்ந்த மாட்டுக்கு மட்டும்தான் பணம்.